கேள்வி-பதில்: துணை தேடுகிறீர்களா, பை தூக்க ஆள் தேடுகிறீர்களா?

கேள்வி: நானும் கல்லூரி நண்பன் ஒருவனும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு 12 நாளில் ஹைதராபாத், போபால், ஆக்ரா, டெல்லி, அமிர்தசரஸ், ஜெய்ப்பூர், வாரணாசி, கொல்கத்தா என்று சுற்றப் போகிறோம். திட்டம் முழுக்க நான் போட்டது, இணைத்திருக்கிறேன். நண்பனோ காலை ஒன்பது மணிக்கு முன் எழுந்திருக்க மாட்டான். ஒரு வேளையாவது சோறு வேண்டும் என்பான். இவனை நம்பிக் கிளம்பலாமா?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: உங்கள் நண்பர் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. சந்தேகமெல்லாம் நீங்கள் இணைத்த திட்டத்தின் மேல்தான். ‘5.10 எழுதல், 5.40 டீ’ என்பது வரை நுணுக்கி நுணுக்கி எழுதியிருக்கிறீர்கள். நண்பரைக் கேட்டு எழுதியதாக ஒரு வரிகூட அதில் இல்லை. உங்களுக்கு வேண்டியது துணையா, பை தூக்க ஆளா?

சரி, கணக்குக்கு வருவோம். சென்னையில் ரயிலேறி இந்த எட்டு ஊரையும் தொட்டுவிட்டுத் திரும்பினால் 6,000 கிலோமீட்டருக்குக் குறையாது. பன்னிரண்டில் நாலு நாள் ரயிலிலேயே போய்விடும். அறை தேட, துணி அலச, வரிசையில் நிற்க என்று எடுத்தது போக மிஞ்சுவதில் எட்டு ஊரைப் பார்க்க வேண்டும். அதிலும் ஆக்ராவை வெள்ளிக்கிழமையில் போட்டிருக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை தாஜ்மகாலுக்கு விடுமுறை!

டிக்கெட் ஆர்.ஏ.சி.யில் நின்றுவிட்டால் இன்னும் வேடிக்கை. ஒரே சைடு லோயரில் இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் காலை நீட்டினால் மற்றவர் மடக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கழிப்பறை போய்த் திரும்பினால், அதற்குள் மற்றவர் முழுசாகப் படுத்திருப்பார். இப்படி அடுத்தடுத்து மூன்று ராத்திரி கழிந்தால் கூடப்பிறந்தவன் மேலேயே எரிந்து விழத் தோன்றும். அப்போது நண்பரின் குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால் ஹைதராபாத், போபால், அமிர்தசரஸ், ஜெய்ப்பூர் நான்கையும் அடித்துவிடுங்கள். புதுச்சேரியிலிருந்தே டெல்லிக்கு வாரம் ஒரு ரயில் உண்டு. திரும்பி வர ஹவுராவிலிருந்து புதுச்சேரிக்கும் அப்படியே ஒன்று. கிழமை பார்த்து இரண்டுக்கும் இடையில் டெல்லி, ஆக்ரா, வாரணாசி, கொல்கத்தா என்று வைத்துக்கொண்டால் போதும். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பழைய 120 நாள் 2024 அக்டோபரோடு போயிற்று. தட்கலில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் காசு திரும்பாது.

நண்பரின் இரண்டு ‘குற்றங்கள்’ பாக்கி. ஒன்பது மணி வரை தூங்குகிறாரா? தூங்கட்டுமே. வாரணாசியில் விடியற்காலைப் படகுக்கு நீங்கள் தனியாகப் போய் வாருங்கள். மத்தியானம் நீங்கள் கண்ணயரும்போது அவர் சாரநாத் பார்த்துவிட்டு வரட்டும். இருவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் இல்லையே. சாயங்காலம் எங்கே சந்திப்பது என்பதை மட்டும் காலையிலேயே பேசிவிடுங்கள், போனில் சார்ஜ் தீர்ந்தாலும் கண்டுபிடிக்கிற இடமாக.

சோறு விஷயம் அதைவிடச் சுலபம். கொல்கத்தாவில் சாப்பாடு என்றாலே சோறும் மீனும்தான். கடலூர்க்காரருக்கு வேறென்ன வேண்டும்? டெல்லியில் கரோல் பாக் பக்கம் போனால் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். வாரணாசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. பாரதியார் இளம் வயதில் வாழ்ந்த அனுமான் காட் பகுதியில் இன்றும் தமிழ்க் குரல் காதில் விழும். கேட்டால் வழி சொல்வார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன்: பணம். உங்கள் இரண்டு பக்கத் திட்டத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கிளம்பும் முன் இருவரும் ஒரே தொகை போட்டு ஒரு பொதுப் பர்ஸ் வையுங்கள். அறை, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் அதிலிருந்து. சேலை, பொம்மை, இனிப்பு என்று வீட்டுக்கு வாங்குவது அவரவர் காசில். பர்ஸை ஒரு நாள் அவர் வைத்திருக்கட்டும், மறுநாள் நீங்கள். “நான் ஜி-பே பண்ணிட்டேன், அப்புறம் பார்த்துக்கலாம்” என்று ஆரம்பித்தீர்களோ, தொலைந்தது. முதல் நாள் “பரவால்ல விடுடா” என்றவர், ஏழாம் நாள் ஆக்ரா ஸ்டேஷனில் குடித்த டீக்கெல்லாம் கணக்கு சொல்வார். சொல்லாவிட்டால் மனதுக்குள் எழுதிக்கொண்டிருப்பார், அது இன்னும் மோசம்.

இன்னும் தயக்கமாக இருந்தால், ஒரு சனிக்கிழமை திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறி இருவரும் தஞ்சாவூர் போய் ஒரு ராத்திரி தங்கிவிட்டு வாருங்கள். எந்த ரயில், எந்த லாட்ஜ், எப்போது சாப்பாடு என்பதெல்லாம் நண்பரின் பொறுப்பு. நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. பெரிய கோயிலுக்கு அவர் பதினோரு மணிக்குக் கிளம்பினாலும்தான்.

அப்புறம், உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியை வெட்டிவிட்டோம். நண்பரும் இந்த இதழைப் படிப்பவர் என்று மேலே நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.