கணக்கு கேட்டா பாவமா?

ஐயா,
எங்க சபை பாஸ்டருக்கு வயசாயிடுச்சு. அவர் மகனைத்தான் அடுத்த பாஸ்டரா வைக்கப்போறாங்களாம், சபையார்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. காணிக்கைக் கணக்கு கேட்டா 'அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே'ங்கறாங்க. வேதப்படி மூப்பரை, அதாவது சபையை நடத்தற பெரியவரை, நியமிக்கறது யாரு? மூப்பரும் கண்காணியும் (பிஷப்) ஒண்ணா? மனசு விட்டுப்போய் இப்ப கோயிலுக்கே போறதில்ல.
— ஒரு வாசகர், பெகு, பர்மா

தம்பி,

மூப்பரும் கண்காணியும் ஒண்ணாங்கற சண்டை நூத்துக்கணக்கான வருசமா நடக்குது, அதை விடுங்க. நியமனம்னா, அப்போஸ்தலர் 6-ல பந்தி விசாரிக்க ஏழு பேரை (மூப்பர் இல்ல, ஆனாலும் பாருங்க) சபையார்தான் தெரிஞ்செடுத்தாங்க, அப்போஸ்தலர்கள் ஜெபம்பண்ணி கை வச்சாங்க. மகன் வரலாமான்னா, தகுதியெல்லாம் 1 தீமோத்தேயு 3-ல இருக்கு, பணஆசை இல்லாதவனா இருக்கணும்னு அங்கயே இருக்கு, வாசிங்க.

என்னைத் தூங்கவிடாதது அந்த 'தொடாதே' வசனம்தான். அது சங்கீதம் 105. ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் சொந்த நிலம் இல்லாம அலைஞ்சப்போ, இவங்களை ஒடுக்காதேன்னு ராஜாக்களைக் கடிஞ்சு சொன்னது. அதிகாரத்துல இருக்கறவனைத் தடுக்க வந்த வசனத்தை அவனுக்கே கேடயமா பிடிச்சா வயிறு எரியுது.

சாமுவேல் தீர்க்கதரிசியைப் பாருங்க. சவுலையும் தாவீதையும் ராஜாவாக்க தைலம் ஊத்தி அபிஷேகம் பண்ணினவர். அவரே வயசான காலத்துல சனங்க முன்னாடி நின்னு, யார் எருதை எடுத்தேன், யார் கழுதையை எடுத்தேன், யார்கிட்ட பரிதானம் (லஞ்சம்) வாங்கினேன், கர்த்தர் முன்னாடியும் அவர் அபிஷேகம் பண்ணின ராஜா முன்னாடியும் சொல்லுங்கன்னு தானே கேக்கறார், இத்தனைக்கும் அவர் நியாயாதிபதியா வச்ச சொந்த மகன்களே பரிதானம் வாங்கினவங்க. பவுல் எருசலேம் ஏழைங்களுக்குச் சேர்த்த பணத்தையும் பாருங்க, தன் உடன் ஊழியர் தீத்துவோட கூட, சபைகள் தெரிஞ்செடுத்த ஒரு சகோதரனையும் இன்னொருத்தரையும் சேர்த்து அனுப்பறார், ஏன்னா கர்த்தர் முன்னாடி மட்டும் இல்ல, மனுஷர் முன்னாடியும் யோக்கியமா இருக்கணுமாம். 2 கொரிந்தியர் 8.

எங்க அப்பா ரங்கூன்ல சபைப் பொருளாளர். காணிக்கைப் பையை மூணு பேர் முன்னாடிதான் மேசைல கொட்டுவார், பாஸ்டர் கை அதுல படாது, அது பாஸ்டரே வச்ச சட்டம். 1964 மே மாசம் சர்க்கார் 50, 100 சாட் (பர்மா பணம்) நோட்டு செல்லாதுன்னப்போ கூரை வேலைக்குச் சேர்த்த காசு அந்த நோட்டாத்தான் இருந்துச்சு. கடையெல்லாம் சர்க்கார் எடுத்துக்கிட்டு சபையில பாதிப் பேர் மெட்ராஸ் கப்பலுக்கு மூட்டை கட்டற நேரம், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அப்பா எழுந்து, பெட்டில எத்தனை நோட்டு இருந்துச்சு, எவ்வளவு போச்சுன்னு எல்லாத்தையும் வாசிச்சார். ஊரைவிட்டுப் போறவங்களும் தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்னார்.

உங்க மேலயும் கோவம்தான் தம்பி. நீங்க வீட்ல உக்காந்துட்டா அங்க யார் கேப்பாங்க? மூப்பன் மேல குறை சொல்ல ரெண்டு மூணு சாட்சி வேணும்னு வேதம் சொல்லுது, உங்ககிட்ட இருக்கறது ஒரு கேள்விதான், அதை அந்த அளவோட வச்சுக்கங்க, ஃபேஸ்புக்ல போட்றாதீங்க. அவரும் வயசானவர், அத்தனை வருசம் உங்களுக்காக ஜெபம் பண்ணினவர். சபைப் பெரியவங்க ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு அவர் வீட்டுக்குப் போயி மரியாதையா கேளுங்க, வருசக் கூட்டத்துல கணக்கை எழுத்துல வைக்கச் சொல்லுங்க. மகன் விசயம் அதுக்கப்புறம். முதல்ல வர்ற ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போங்க.