காலி அறை யாருக்கு?

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் இருந்து அகதியாக வந்தவன். 2022-ல் எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர் உக்ரைன் குடும்பங்களைத் தங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தார்கள். நல்ல சனங்கள், குறை சொல்ல முடியாது. இந்த வருஷம், தெருமுனையில் பூட்டிக் கிடக்கும் பப் ஒன்றை வீடில்லாதவர்களுக்கான விடுதியாக்க ஒரு திட்டம் வந்திருக்கிறது. அதை எதிர்த்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். வாங்க வந்தவர்களில் ஒருவர், உக்ரைன் தாயையும் மகளையும் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த அதே பெண்மணி. நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இதை வேலைத்தலத்தில் கதைத்தபோது ஒரு வெள்ளைக்கார நண்பர் பொரிந்து தள்ளிவிட்டார். தங்கள் ஆமியில் இருந்தவன் சூப்பர்மார்க்கெட் வாசலில் அட்டை விரித்துப் படுத்திருக்கிறான், வந்தவர்களுக்கு மட்டும் அறை கொடுக்கிறார்கள் என்றார். அவருடைய தகப்பன் ஆர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து சண்டைக்குப் போய் வந்தவர். அவர் என்னை வைத்துச் சொல்லவில்லை, ஆனாலும் எனக்குச் சுட்டது. நாங்கள் வந்தபோது ஒருத்தரும் இப்படிக் கதவு திறக்கவில்லை என்பதும் நினைவுக்கு வந்தது. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறதா? இரக்கம்கூட நிறம் பார்த்துத்தான் வருமா? அந்த வாசலில் படுத்திருப்பவருக்கு என்னைப் போன்றவன் என்ன செய்யலாம்?

இப்படிக்கு,
ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

வாசலில் ஒருவர் படுத்திருக்கிறார் என்று உங்கள் நண்பர் சொன்னது உண்மை. இங்கிலாந்து வெட்கப்பட வேண்டிய உண்மை. ஆனால் அவருக்குப் போக வேண்டிய அறையை ஒரு உக்ரைன் தாயும் மகளும் எடுத்துக்கொண்டார்கள் என்பதை நான் ஏற்கமாட்டேன். அந்த அறையை அவருக்குக் கொடுங்கள் என்று அந்தப் பெண்மணியிடம் யாரும் கேட்கவே இல்லை.

2022 மார்ச் 14 அன்று அமைச்சர் மைக்கேல் கோவ் 'ஹோம்ஸ் ஃபார் உக்ரைன்' திட்டத்தை அறிவித்தார். ஒரே நாளில் லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள், இணையதளமே சற்று நேரம் முடங்கிப்போனது. அந்த நல்ல மனது பொய் இல்லை. ஆனால் அது காரியமாக மாற வழி போட்டுக் கொடுத்தது அரசு. குறைந்தது ஆறு மாதம் வைத்துக்கொண்டால் போதும் என்று காலக்கெடு சொன்னார்கள். மாதம் 350 பவுண்டு நன்றித்தொகை, அதற்கு வரி கிடையாது. தனியாக வசிப்பவருக்கு, கவுன்சில் என்ற உள்ளாட்சி மன்றத்துக்குக் கட்டும் வரியில் கிடைக்கும் 25 சதவீதச் சலுகையும் போகாது. வருபவர்களுக்கு மூன்று வருட விசா, வேலை செய்யும் உரிமை, அரசு உதவித்தொகை. இது தவிர, வருபவர் ஒருவருக்கு 10,500 பவுண்டு வீதம் கவுன்சிலுக்கு மத்திய அரசு கொடுத்தது. 2023 முதல் புதிதாக வந்தவர்களுக்கு அதை 5,900 ஆகக் குறைத்தார்கள்.

சர்ரேயில் இருக்கும் என் கல்லூரித் தோழி ஒருத்தி அப்படி ஒரு தாயையும் பையனையும் வீட்டில் வைத்திருந்தாள். கவுன்சிலில் இருந்து ஒரு பெண் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனதை எனக்கு விவரமாக எழுதியிருந்தாள். வந்தவர் புகை அலாரத்தின் பொத்தானை அழுத்திக் கத்த வைத்துப் பார்த்தாராம். பாய்லர் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா, மாடி ஜன்னல் எவ்வளவு தூரம் திறக்கிறது, அறைக் கதவை உள்ளிருந்து தாழிட முடியுமா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டாராம். வீட்டில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் குற்றப் பின்னணிச் சோதனை நடந்தது. பையனுக்குப் பள்ளிக்கூடம், டாக்டரிடம் பதிவு, வங்கிக் கணக்கு என்று அலைச்சலுக்குக் குறைவில்லை. ஃபிரிட்ஜில் எந்தத் தட்டு யாருக்கு என்பதில்கூட முதல் வாரம் சங்கடம் இருந்தது. ஆனால் ஏதாவது தகராறு என்றால் கூப்பிட ஒரு போன் நம்பர் கையில் இருந்தது, அந்த நம்பர்தான் தனக்குத் தைரியம் கொடுத்தது என்றாள்.

இப்போது சூப்பர்மார்க்கெட் வாசலுக்கு வாருங்கள். அங்கே படுத்திருப்பவருக்காக இப்படி ஒரு படிவமோ, காலக்கெடுவோ, நம்பரோ யாரும் அந்தப் பெண்மணி கையில் கொடுக்கவில்லை. சின்ன அளவில் ஒன்று உண்டு. 1987-ல் லீட்ஸ் நகரத்தில் தொடங்கிய நைட்ஸ்டாப். வீடில்லாத 16 முதல் 25 வயது வரையிலான இளைஞர்களைத் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டுக் காலி அறையில் ஓரிரு இரவு தங்க வைப்பார்கள். அமைப்பின் பணியாளர்கள் துணை இருப்பார்கள். ஆக, மக்களுக்கு மனம் இல்லாமல் இல்லை. உக்ரைனுக்காக ஊர் முழுக்கக் கேட்டது போல இதற்காகக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெருவில் பல வருடம் கிடந்தவர்களில் பலருக்கு அந்நியர் வீட்டு அறை ஒத்து வராது. ராத்திரி முழுக்கத் தூக்கம் வராமல் உலாவும் மனிதருக்கு, குடியை விட முடியாமல் தவிப்பவருக்கு, இன்னொருவர் வீட்டு ஒழுங்கு பெரிய பாரம். வீட்டுக்காரருக்கும் அது தாங்காது. தெருவில் கிடந்தவருக்கு வேண்டியது தன் சாவியால் தானே திறக்கும் ஒரு கதவு, வாரா வாரம் வந்து பார்க்கும் ஒரு பணியாளர். முதலில் வீட்டைக் கொடு, குடியையும் நோயையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பின்லாந்து 2008-லிருந்து செய்துவருகிறது, நீண்ட காலம் தெருவில் இருந்தவர்களின் எண்ணிக்கை அங்கே வெகுவாகக் குறைந்திருக்கிறது.

அந்தக் கதவுக்கு இங்கிலாந்தில்தான் பஞ்சம். 1980-ல், கவுன்சில் வாடகைக்கு விட்டிருந்த வீடுகளை அவற்றில் குடியிருப்போருக்கே விற்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். சுமார் இருபது லட்சம் வீடுகள் விற்றுப்போயின, ஈடுகட்டும் அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. 2024 மார்ச்சில் இங்கிலாந்தில் 1,17,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் தற்காலிக இருப்பிடங்களில் இருந்தன. அவற்றில் ஒன்றரை லட்சம் குழந்தைகள். அந்த வருட இலையுதிர் காலத்தில் ஒரே இரவில் தெருவில் படுத்திருந்தவர்கள் என்று கணக்கெடுத்தது 4,667 பேர். உக்ரைனியர் வருவதற்கு நெடுநாள் முன்பே தொடங்கிய பஞ்சம் இது. தோழி வீட்டிலிருந்த அந்தத் தாயும் இதில் மாட்டிக்கொண்டார். வாடகைக்கு வீடு தேடினால் ஜாமீன் கொடுக்க ஆள் கேட்டார்கள், ஆறு மாத வாடகையை முன்கூட்டிக் கேட்டார்கள். அவரைப் போல ஆயிரக்கணக்கான உக்ரைனியர் வீடில்லை என்று கவுன்சில் வாசலில் போய் நின்றார்கள். அந்த வரிசையில் அவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் நிற்பவர்கள் உங்கள் நண்பர் சொல்லும் ஆட்கள்தான்.

படைவீரர் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் இருநூறு வருடமாக இதே கதை. நெப்போலியன் போர்கள் முடிந்து, கலைத்து அனுப்பப்பட்ட சிப்பாய்கள் வேலையில்லாமல் ஊர் ஊராக அலைந்தபோது, 1824-ல் வாக்ரன்சி சட்டம் கொண்டுவந்து பிச்சை எடுப்பதையும் வெட்டவெளியில் படுப்பதையும் குற்றமாக்கினார்கள். அதை ரத்து செய்ய நாடாளுமன்றம் முடிவெடுத்தது 2022-ல். முதல் உலகப் போர் முடிந்ததும் பிரதமர் லாயிட் ஜார்ஜ் வீரர்களுக்குத் தகுந்த வீடு தருவோம் என்று வாக்குக் கொடுத்தார். 1919-ல் அதற்காக அடிசன் சட்டம் என்ற வீட்டு வசதிச் சட்டம் வந்தது. மூன்று வருடத்தில் ஐந்து லட்சம் வீடு என்றார்கள். பாதிகூடத் தேறவில்லை, செலவு கட்டுப்படியாகவில்லை என்று 1921-ல் கையை விரித்துவிட்டார்கள். இன்றைய சட்டத்திலும், ராணுவத்தில் இருந்தேன் என்று சொன்னால் மட்டும் கவுன்சில் வீடு கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பணியால் தான் நலிந்து போயிருப்பதை அவர் காட்ட வேண்டும். பதினெட்டு வயதில் படை முகாமுக்குப் போய், சாப்பாடு முதல் கரண்ட் பில் வரை சம்பளத்தில் பிடித்துக்கொண்டு எல்லாம் நடந்த ஒருவருக்கு, வெளியே வரும் அன்று வேலையும் வீடும் சேர்ந்தே போய்விடுகின்றன. பெரும்பாலானோர் சமாளித்து எழுந்துவிடுகிறார்கள். மனம் உடைந்தவர், மணவாழ்க்கை முறிந்தவர் வாசலுக்கு வந்து சேர்கிறார்.

மனது வைத்தால் இதைத் தீர்க்க முடியாதா? அமெரிக்காவைப் பாருங்கள். வாடகை உதவியோடு ஒரு பணியாளரையும் சேர்த்துத் தரும் திட்டத்தை முன்னாள் படைவீரர்களுக்கென்று பெரிதாக நடத்தினார்கள். 2010-ல் சுமார் 74,000 ஆக இருந்த வீடற்ற படைவீரர் எண்ணிக்கை 2024 ஜனவரியில் 32,882 ஆனது. அதே 2024-ல் அந்த நாட்டில் வீடற்றவர்களின் மொத்த எண்ணிக்கை ஏழே முக்கால் லட்சத்தை நெருங்கி, கணக்கெடுப்பு தொடங்கிய காலத்திலிருந்து இல்லாத உச்சத்தில் இருந்தது. எல்லோருக்கும் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தபோதும் பணம் ஒதுக்கப்பட்ட இடத்தில் ஆட்கள் வீட்டுக்குள் போனார்கள். இங்கிலாந்தும் கொரோனா காலத்தில் இதைச் செய்து காட்டியது. 2020 மார்ச்சில் 'எவ்ரிஒன் இன்' என்று ஆரம்பித்து, அடுத்த ஜனவரிக்குள் 37,000 பேருக்குமேல் ஹோட்டல்களிலும் வேறு வீடுகளிலும் இடம் கொடுத்தார்கள்.

சரி, நிறம். ஆமாம், அதுவும் இருக்கிறது, பூசி மெழுக வேண்டியதில்லை. உக்ரைன் திட்டம் வந்து சரியாக ஒரு மாதத்தில், ஏப்ரல் 14 அன்று, படகில் வருபவர்களை ருவாண்டாவுக்கு அனுப்புவோம் என்று அதே அரசு அறிவித்தது. அந்த நேரத்தில் ஈழத்தமிழர் சிலர் இந்தியப் பெருங்கடலில் பிரிட்டிஷ் ஆட்சியில் இருக்கும் டியேகோ கார்சியா தீவில் கூடாரத்தில் இருந்தார்கள். 2021 அக்டோபரில் படகில் போய்ச் சேர்ந்தவர்கள் அவர்கள். பிரிட்டனுக்கு அழைத்து வர 2024 டிசம்பர் ஆனது. உங்கள் காலத்தில் 1987-ல் ஹார்விச் துறைமுகத்தில் ஏர்ல் வில்லியம் என்ற கப்பலில் தமிழர்களை அடைத்து வைத்ததும், அக்டோபர் புயலில் அது கட்டறுத்துக்கொண்டு போனதும் உங்களுக்கே தெரிந்திருக்கும். அதே வருடம்தான் சரியான விசா இல்லாதவரை ஏற்றி வந்தால் ஆளுக்கு ஆயிரம் பவுண்டு அபராதம் என்று விமானக் கம்பெனிகளுக்குச் சட்டம் போட்டார்கள். ஆகவே 'அகதிகளுக்கு அறை கொடுக்கிறார்கள்' என்பதே பாதிக் கதை. அகதி என்று அங்கீகாரம் கிடைத்த பிறகும் 28 நாளில் இடத்தைக் காலி செய் என்று சொல்லி, அப்படியே தெருவுக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர்.

உங்கள் நண்பரிடம் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது ஆப்கானியரைப் பற்றி. ஆப்கானிஸ்தானின் ஹெல்மாண்ட் மாகாணத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தோடு கூடவே நடந்த மொழிபெயர்ப்பாளர்கள் 2021-ல் குடும்பத்தோடு தப்பி வந்தார்கள். ஹோட்டல் அறைகளில் மாதக்கணக்காக, சிலர் வருடக்கணக்காக இருந்தார்கள். 2023 மார்ச்சில் அவர்களை ஹோட்டலைவிட்டுக் கிளம்பச் சொல்லும் திட்டத்தை நாடாளுமன்றத்தில் அறிவித்தவர் படைவீரர் நலத்துக்கான அமைச்சர் ஜானி மெர்சர், அவரே ஆப்கானிஸ்தானில் போரிட்டவர். அந்த மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டுவர வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடியவர்களில் முன்னாள் பிரிட்டிஷ் வீரர்கள் முன்னால் நின்றார்கள். தங்கள் உயிரைக் காத்தவர்களை அவர்கள் வந்தேறிகளாகப் பார்க்கவில்லை.

கையெழுத்து வாங்க வந்த பெண்மணியைக் கெட்டவராக நினைக்காதீர்கள். தன் வீட்டுக்கு யார் வருகிறார், எவ்வளவு நாள் இருப்பார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விடுதியைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரியாததால் பயப்படுகிறார். கையெழுத்துப் போடாதீர்கள். அதோடு நிற்காமல், திட்ட அனுமதிக்கு ஆதரவாகவும் கவுன்சிலுக்கு எழுதுங்கள், எதிர்ப்பவர் மட்டும்தான் எழுத வேண்டும் என்று இல்லை. எத்தனை அறை, நடத்தப்போவது யார், இரவில் பணியாளர் இருப்பாரா, தெருக்காரர்கள் கூப்பிட நம்பர் உண்டா என்று கேட்டு, பதிலை அந்தப் பெண்மணியிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வாசலில் இருப்பவரிடம் முதலில் பேசுங்கள். அவர் சம்மதித்தால் ஸ்ட்ரீட்லிங்க் தளத்தில் இடத்தையும் நேரத்தையும் பதிவு செய்தால் ஊரிலுள்ள வெளிப்பணிக் குழு தேடி வரும். அவர் ராணுவத்தில் இருந்தவர் என்றால் 2023-ல் தொடங்கிய 'ஆப் (ஆபரேஷன்) ஃபார்டிட்யூட்' என்ற தனி உதவி எண் இருக்கிறது. பிரிட்டனில் ஒரே ஒரு நாள் பணியில் இருந்திருந்தாலும் முன்னாள் படைவீரர் என்ற கணக்கில் வந்துவிடுவார். போகும்போது உங்கள் நண்பரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று எப்படிக் கேட்பது என்பது ஃபாக்லாந்து வீரரின் மகனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.