சாலமோனுக்கு 700, நமக்கு ஒன்று: உபதேசியாரிடம் கேட்ட திருமணக் கேள்விகள்

நான் ஓய்வுபெற்ற உபதேசியார். தங்கச்சிமடம் பக்கம் திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் பேசுவது வழக்கம். பைபிளில் வரும் கல்யாணங்களும் இன்றைக்குச் சபைகள் சொல்லும் கல்யாணமும் ஒத்துப்போகின்றனவா என்று கரையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கத்தோலிக்கன் என்பதால் எங்கள் திருச்சபைச் சட்டம்தான் அதிகம் வரும்.

பாம்பன் தம்பி: அண்ணே, சாலமோனுக்கு 700 மனைவி, 300 வைப்பாட்டி. யாக்கோபுக்கு நாலு பேர். நமக்கு மட்டும் ஏன் ஒன்று?

பழைய ஏற்பாட்டில் பலதார மணத்தை நேராகத் தடுக்கும் சட்டம் இல்லை தம்பி. அதை மறைத்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் வரும் இணைச் சட்டம் (உபாகமம்) என்ற நூலின் 21ஆம் அதிகாரம், இரண்டு மனைவி உள்ளவன் பிடிக்காதவளின் மூத்த மகனுக்குப் பங்கில் குறை வைக்கக்கூடாது என்கிறது. அப்படியானால் இரண்டு மனைவி அன்றைக்குச் சாதாரணம். ஆனால் கதைகளையும் படித்துப் பார். சாரா ஆகாரைத் துரத்துகிறாள், லேயாவும் ராகேலும் பிள்ளைக்காகப் போட்டி போடுகிறார்கள், சாலமோன் மனைவிமாரால் வேற்றுத் தெய்வங்களிடம் போகிறார். அந்த வீடுகளில் ஒன்றிலாவது நிம்மதி இருந்ததாக எழுதியிருக்கிறதா?

இயேசு யாக்கோபையோ தாவீதையோ முன்மாதிரியாகக் காட்டவில்லை. "இருவரும் ஒரே உடலாய் இருப்பர்" என்ற தொடக்க நூல் வரிக்குத்தான் மத்தேயு 19இல் போகிறார். திருச்சபை அதைப் பிடித்துக்கொண்டது. கிரேக்கரும் ரோமரும் சட்டப்படி ஒரு மனைவி என்றே வாழ்ந்தவர்கள், அதுவும் ஒரு காரணம்.

தொண்டி வாசகி: ஓரியூர் அருளானந்தர் இந்த விஷயத்துக்காகத்தான் கொல்லப்பட்டாரா?

பெரும்பாலும் இதற்காகத்தான் அம்மா. அருளானந்தர் என்பது போர்ச்சுகலிலிருந்து வந்த குரு ஜான் தெ பிரிட்டோவின் தமிழ்ப் பெயர். மறவர் தலைவர் தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவரும் விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் ராமநாதபுரம் அரசர் சேதுபதிக்கு உறவுப் பெண்; அரண்மனைக்குப் போய் முறையிட்டார். 1693 பிப்ரவரி 4ஆம் தேதி ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது. 1947இல் புனிதர் பட்டம் கிடைத்தது. செம்மண் எடுத்து வருகிறோமே, அந்த இடம்தான்.

நான் அவருடைய பக்தன். ஆனால் அனுப்பப்பட்ட அந்தப் பெண்களைப் பற்றி நம் பிரசங்கங்களில் யாரும் பேசுவதில்லை. கட்டிக்கொடுத்த இடத்துக்குப் போனது அவர்கள் குற்றமா? ஆப்பிரிக்காவிலும் இதே சிக்கல் வந்தது. பல மனைவி உள்ளவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்று ஆங்கிலிக்கன் சபை (இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது) ஆயர்கள், அதாவது பிஷப்கள், தங்கள் 1888 லாம்பெத் மாநாட்டில் முடிவெடுத்தார்கள். நூறு வருடம் கழித்து, 1988இல், இனிமேல் புதிதாகக் கட்டமாட்டேன் என்று உறுதி கொடுத்தால் சேர்த்துக்கொள்ளலாம், இருக்கும் மனைவியரை விரட்டக் கட்டாயமில்லை என்று மாற்றிக்கொண்டார்கள். கத்தோலிக்கச் சட்டம் இன்றும் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆனால் விலக்கப்படுகிறவரின் பிழைப்புக்கு வழி செய்ய வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. இரண்டாவது பாதி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

தங்கச்சிமடம் தாய்: மகளுக்கு 50 பவுன் கேட்கிறார்கள். சீதனம் பைபிளிலேயே இருக்கிறது என்கிறார் மாப்பிள்ளையின் சித்தப்பா.

அந்தச் சித்தப்பாவை விடுதலைப் பயணம் (யாத்திராகமம்) 22:16 படிக்கச் சொல்லுங்கள். அங்கே பரிசம் கொடுப்பது ஆண். யாக்கோபின் மகளைக் கட்ட விரும்பிய செக்கேம் "எவ்வளவு பரிசம் கேட்டாலும் தருகிறேன்" என்று பெண் வீட்டாரிடம் கெஞ்சுகிறான். கையில் காசில்லாத யாக்கோபு மாமனார் வீட்டில் ஏழும் ஏழும் பதினான்கு வருடம் ஆடு மேய்த்தார். நம் மாப்பிள்ளை பதினான்கு நாள் வலை இழுக்க வருவாரா என்று கேட்டுப் பாருங்கள்!

பெண்ணுக்கு அப்பா கொடுத்ததும் உண்டு. பார்வோன் தன் மகளுக்குக் கெசேர் நகரத்தையே கொடுத்தான். காலேபின் மகள் அக்சா நிலத்தோடு நீரூற்றையும் கேட்டு வாங்கினாள். ஆனால் அவை மகளுக்குக் கொடுத்தவை. மாப்பிள்ளை வீட்டார் விலை பேசி வாங்கியவை அல்ல. 1961ஆம் வருடச் சட்டப்படி வரதட்சணை கேட்பதே குற்றம்.

மூக்கையூர் இளைஞர்: மாமன் மகளைக் கட்ட சாமியார் தடை சொல்கிறார். யாக்கோபு மாமன் மகள்களைத்தானே கட்டினார்?

ஆமாம், லாபான் அவருக்குத் தாய்மாமன்தான். மோசேயின் அப்பா அம்ராம் தன் அத்தையையே கட்டினார்; லேவியர் 18 பிறகு அதைத் தடுத்துவிட்டது. மாமன் மகள், அத்தை மகள் பற்றி அந்தப் பட்டியலில் ஒன்றுமில்லை. தடை திருச்சபைச் சட்டத்திலிருந்து வருகிறது. ஆயரிடம் விதிவிலக்கு வாங்கலாம். சாமியாரிடம் சண்டை போடாமல் மனு எழுதிக் கொடுங்கள். அக்கா மகள் என்றால் உறவு இன்னும் நெருக்கம், விதிவிலக்கு கிடைப்பதும் கடினம்.

மண்டபம் சகோதரி: கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை, இறப்புச் சான்றிதழும் வந்துவிட்டது. கொழுந்தனைக் கட்டச் சொல்கிறார்கள். வேதத்தில் இருக்கிறதாம்.

இருக்கிறது, இணைச் சட்டம் 25. பிள்ளையில்லாமல் இறந்தவனின் பெயர் அழியாமலிருக்க வந்த சட்டம் அது. அங்கேகூட மறுக்கும் கொழுந்தனின் செருப்பைக் கழற்றி முகத்தில் துப்பும் உரிமை பெண்ணுக்குத்தான். இன்று அந்தக் கட்டாயம் எந்தச் சபையிலும் இல்லை. பவுல் 1 கொரிந்தியர் 7:39இல் கைம்பெண் தான் விரும்பியவரை மணக்கலாம் என்கிறார். கொழுந்தனை உங்களுக்கே பிடித்திருந்தால் கத்தோலிக்கச் சட்டமும் இப்போது தடுக்காது. பிடிக்காவிட்டால், வேதத்தைக் காட்டி யாரும் உங்களை நெருக்க முடியாது.

ஓலைக்குடா மனைவி: "மனைவி கணவனுக்குப் பணிந்திருக்க வேண்டும்" என்று தினமும் கேட்கிறேன்.

எபேசியர் 5:22. அதற்கு முந்தின வசனம், 21, "ஒருவருக்கொருவர் பணிந்திருங்கள்". 25இல் கணவன் தன்னையே கையளிக்கும் அளவுக்கு அன்பு செய்ய வேண்டும். அடுத்தமுறை மூன்றையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். கை நீட்டுகிறார் என்றால் வசனத்தை விடுங்கள், பெண்கள் உதவி எண் 181க்கு போன் செய்யுங்கள்.

ராமேசுவரம் அண்ணன்: சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) நண்பர் விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்தார். நமக்கு ஏன் முடியாது?

மோசே விலக்குச் சீட்டை அனுமதித்தார். உங்கள் கடின உள்ளத்தின் பொருட்டே என்றார் இயேசு. மத்தேயு 19:9இல் மனைவியின் ஒழுக்கக்கேடு என்ற ஒரு விதிவிலக்கு வருகிறது, மாற்கு 10இல் அது இல்லை. சீர்திருத்த சபைகள் மத்தேயுவைப் பிடித்தன; நாம் மாற்குவின் வழியில் போனோம். நமக்கு உள்ளது, திருமணம் தொடக்கத்திலேயே செல்லாது என்று மறைமாவட்ட நீதிமன்றம் அறிவிப்பது. அரசு விவாகரத்து வேறு கணக்கு. பரஸ்பர சம்மத விவாகரத்து கிறிஸ்தவர்களுக்கு 2001 திருத்தத்தில்தான் சட்டத்தில் வந்தது.

ஏர்வாடி வாசகர்: பைபிளில் குருவானவர் கல்யாணம் நடத்திவைக்கிறாரா?

இல்லை. ஈசாக்கு ரெபேக்காவைக் கூடாரத்துக்குள் அழைத்துப் போனார், அவ்வளவுதான். தோபித்து நூலில் பெண்ணின் அப்பா ஒப்பந்தம் எழுதுகிறார். கானாவூர்க் கல்யாணத்தில் இயேசு விருந்தாளி. குருவும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம் என்று 1563இல் திரெந்து சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் பொதுக்கூட்டம்) சட்டம் வைத்தது. ரகசியமாகக் கட்டிவிட்டுப் பிறகு கட்டவே இல்லை என்று கைவிரித்தவர்கள் அவ்வளவு பேர். ஓலை வாசிப்பதும், அதாவது கல்யாணத்தைக் கோயிலில் முன்கூட்டி அறிவிப்பதும், அதே காரணத்துக்குத்தான். அவசரம் என்று ஓலையைத் தவிர்க்கச் சொல்லாதீர்கள், வெளியூர் மாப்பிள்ளையாக இருந்தால் தவிர்க்கவே கூடாது.