பின் பம்பரை நாமே வெல்டிங் அடிக்கலாமா? சுங்கை சிப்புட் பட்டறையிலிருந்து பதில்கள்

செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்துவிட்டு இப்போது மலேசியாவில், பேராக்கிலுள்ள சுங்கை சிப்புட்டில் சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். லாசா பக்கம் மண் பாதையில் ஓடும் என் ஹைலக்ஸ் பிக்கப் வண்டிக்கு நானே செய்த பின் பம்பரின் படத்தைப் போட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. எல்லாருக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, எத்தனை மில்லி தகடு வாங்கட்டும்? 6 மில்லி போட்டால் கல்லு மாதிரி இருக்கும் என்கிறார்களே. (பீடோர்)

கனமும் கல்லு மாதிரிதான் இருக்கும் தம்பி. 6 மில்லித் தகடு ஒரு சதுர மீட்டர் 47 கிலோ. 3 மில்லி என்றால் 24 கிலோகூட வராது. இந்தக் கனம் முழுக்கப் பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்கும். வண்டி பின்பக்கம் தாழ்ந்து முன் சக்கரம் லேசாகிவிடும். நான் உடம்புக்கு 3 மில்லி, சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தைப் பிடிக்கும் தகடுகளுக்கு 6, ஷேக்கிள் (இழுக்கும் கயிற்றை மாட்டும் இரும்பு வளையம்) மாட்டும் காதுக்கு 20 போட்டேன். 3 மில்லித் தகடு மடிப்பு விழுந்தாலே விறைத்துக்கொள்ளும். மடிக்கும் மிஷின் இல்லையா, டவுனில் கேட் செய்யும் கடையில் கொடுங்கள். இரண்டு ஓரத்தையும் மேல்நோக்கிச் சாய்த்து வெட்டச் சொல்லுங்கள், மேட்டிலிருந்து இறங்கும்போது தரையில் இடிக்காது.

போல்ட் லூசாகிவிடும் அல்லவா, சேஸிஸிலேயே வெல்டிங் அடித்துவிட்டால் என்ன? (தாப்பா)

வேண்டவே வேண்டாம். பின்னால் ஒரு மரத்தில் இடித்தால் பம்பரோடு சேஸிஸும் வளையும். கழற்றி நிமிர்த்த வழியிருக்காது. போல்ட்தான் சரி. ஆனால் எங்கே போடுகிறோம் என்பதுதான் விஷயமே.

என் முதல் பம்பரைச் சேஸிஸ் முனையில் மட்டும் பக்கத்துக்கு இரண்டு போல்ட் போட்டு மாட்டினேன். பார்க்க ஜம்மென்று இருந்தது. ஒரு மழை நாளில் வண்டி கித்தாக் காட்டு (ரப்பர் தோட்டத்து) லோங்காங்கில், அதாவது கால்வாயில் இறங்கிவிட்டது. நண்பர் பின்னாலிருந்து இழுத்தார். பம்பர் போனது, வண்டி அங்கேயே நின்றது. போல்ட் ஒன்றும் அறுபடவில்லை, முனைத் தகடுதான் காகிதம் மாதிரி கிழிந்திருந்தது.

இப்போது சேஸிஸின் இரண்டு பக்கவாட்டிலும் 6 மில்லித் தகட்டை முன்னோக்கி ஓர் அடிக்கு மேல் கொண்டுபோய், பக்கத்துக்கு நான்கு போல்ட் போட்டிருக்கிறேன். 12 மில்லி போல்ட், தலையில் 8.8 என்று வலுவைக் காட்டும் எண் அடித்திருக்கும். பெட்டிச் சேஸிஸ் (நாலு பக்கமும் மூடி உள்ளே காலியாக இருப்பது) என்றால் இன்னொரு வேலை உண்டு. போல்ட் போகும் ஓட்டைக்குள் சரியான அளவில் ஒரு குழாய்த் துண்டை நுழையுங்கள். அது இல்லாமல் முறுக்கினால் பெட்டி உள்ளே அமுங்கிவிடும், அப்புறம் எவ்வளவு முறுக்கினாலும் லூசுதான்.

எங்கள் அப்பா டோ பாலிலேயே கயிற்றை மாட்டி இழுக்கலாம் என்கிறார். (கம்பார்)

தங்கச்சி, அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். டோ பால் என்கிற அந்த இரும்பு உருண்டை டிரெய்லர் இழுக்கத்தான். சேற்றில் சிக்கிய வண்டியைத் திடீரென்று இழுக்கும்போது அது முறிந்தால் குண்டு மாதிரி பறக்கும், ஆள் செத்ததுண்டு. 20 மில்லிக் காதைப் பம்பர் முகத்தில் வெட்டிய துளை வழியாக உள்ளே விட்டு, சேஸிஸ் பிடிக்கும் 6 மில்லித் தகட்டோடு இரண்டு பக்கமும் வெல்டிங் அடியுங்கள். 3 மில்லி முகத்தில் மட்டும் ஒட்டினால் பிய்த்துக்கொண்டு வரும். ஷேக்கிளில் 4.75 டன் என்று அடித்திருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

என்ன ராடு, எத்தனை ஆம்ப்ஸ்? அடித்து முடித்தால் பம்பர் வாழைப்பழம் மாதிரி வளைகிறது. (சுங்கை சிப்புட்)

3 மில்லித் தகட்டுக்கு 2.6 மில்லி கனமுள்ள 6013 ரக ராடு, 70 முதல் 90 ஆம்ப்ஸ். காதுக்கு 7018 ரக ராடு; ஈரம் ஏறிய ராடு ஆகாது, நம் ஊர் மழைக்குத் திறந்த பெட்டியை அப்படியே விட்டுவைக்காதீர்கள். வளைவது ஒரே மூச்சில் இழுப்பதால். முதலில் எல்லா இடத்திலும் பொட்டு வையுங்கள் (சின்னப் புள்ளியாக ஒட்டிப் பிடிக்க வையுங்கள்), பிறகு இடம் மாற்றி மாற்றி இரண்டு அங்குலம் இரண்டு அங்குலமாக அடியுங்கள்.

பம்பரில் கை வைக்கும் முன் இரண்டு துண்டுத் தகட்டை 'ட' மாதிரி ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, வைஸில் பிடித்துச் சுத்தியலால் அடித்து மடக்கிப் பாருங்கள். விட்டுப்போய் உள்ளே வழவழவென்று பழைய தகடே தெரிந்தால் இரும்பு உருகவே இல்லை, மேலே படிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆம்ப்ஸை ஏற்றுங்கள்.

வண்டியிலேயே வைத்துப் பொட்டு வைக்கலாமா?

வைக்கலாம். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள், எர்த் கிளிப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். எண்ணெய் டேங்கும் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று முதலில் குனிந்து பாருங்கள். பக்கத்தில் வந்தால் பம்பரைக் கழற்றித்தான் அடிக்க வேண்டும்.

ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பிடிக்குமா?

அனுமதி இல்லாமல் வண்டியை மாற்றினால் பிடிக்கத்தான் செய்வார்கள். தகடு வாங்கும் முன்பே போய்க் கேளுங்கள். நம்பர் பிளேட்டும் அதன் விளக்கும் மறையக் கூடாது, கூரான முனை நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

பழைய இரும்பு தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் மலிவாகக் கிடைக்கிறது. வெல்டிங் அடித்துவிட்டுப் பால் குடித்தால் புகை ஒன்றும் செய்யாதாமே?

ஆலையிலும் இதைத்தான் சொல்வார்கள் ஐயா. துத்தநாகப் புகையைப் பால் தடுக்காது. அன்று சாயங்காலமே குளிரும் காய்ச்சலும் வரும். ஒட்டும் இடத்தில் பூச்சை அரைத்து எடுங்கள், அரைக்கும்போது மாஸ்க் போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள். பாலைத் தே தாரிக்கில் (ஆற்றிய டீயில்) ஊற்றிக்கொள்ளலாம். பைப்பின் அடியில் 10 மில்லி ஓட்டை இரண்டு போட மறக்காதீர்கள், உள்ளே நிற்கும் தண்ணீர் வடியட்டும்.