மார்வாரிக் குதிரை வாங்கி வட சென்னையில் வளர்க்க எவ்வளவு செலவாகும்?

வியாசர்பாடியில் வீட்டுக்குப் பின்னால் இடம் இருக்கிறது, ராஜஸ்தான் இனமான மார்வாரிக் குதிரை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கும் விலை ஒரு தடவையோடு முடிந்துவிடும். பராமரிப்பு 25 வருடம் கூட வரும், அதனால் தீனியிலிருந்து கணக்குப் போடுங்கள்.

குதிரை தன் எடையில் சுமார் 2 சதவீதம் உலர்தீவனம் தின்னும். 400 கிலோ குதிரைக்கு நாளுக்கு 8 கிலோ. உலர்புல் கிலோ 20 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 4,800 ரூபாய். கொள்ளு, தவிடு தனி. மேய்ச்சல் இருக்கிற ஊரில் இது பாதியாகக் குறையலாம், நம் பக்கம் எல்லாமே காசுதான். அப்புறம் 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவ வேண்டும். லாடம், குடற்புழு மருந்து, டெட்டனஸ் ஊசியும் உண்டு. ஆள் வைத்தால் அவர் சம்பளம் தீனிச் செலவைத் தாண்டிவிடும்.

எனக்குப் பெரிய கவலை மழைதான். தேங்கிய தண்ணீரில் நின்றால் குளம்பு அழுகும். மேடான தரையில் 12க்கு 12 அடி கொட்டகை போடாமல் தயவுசெய்து வாங்காதீர்கள். குதிரைக்கு வரும் வயிற்றுவலி சில மணி நேரத்தில் உயிரையே எடுத்துவிடும். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்தில் இருப்பது உங்களுக்குப் பெரிய பலம்.

விலை, நல்ல வம்சாவளி என்றால் லட்சங்களில் போகும். மார்வாரியின் அடையாளமான உள்நோக்கி வளைந்த காதை மட்டும் பார்த்து நம்பாதீர்கள், கத்தியவாரி என்ற குஜராத் இனத்துக்கும் அதே காதுதான். ஆடி மாதம் ஈரோடு மாவட்டம் அந்தியூர் சந்தைக்குப் போனால் நிறைய குதிரைகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்பணம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் காட்டி, கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். அது மனிதருக்கும் தொற்றும்.