வத்தல்மலையில் பார்த்த பல்லி புதிய இனமா? நானே பெயர் வைக்கலாமா?

தருமபுரி மாவட்டத்து வத்தல்மலைப் பாறையிடுக்கில் கண்ட விரல் நீளப் புள்ளிப் பல்லி, இணையத்தில் உள்ள எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை என்கிறீர்கள். அது மட்டும் போதாது.

முதலில் கண்ணைப் பாருங்கள். கண்மணி வட்டமாக இருந்து, பகலில் நடமாடினால் பெரும்பாலும் நெமாஸ்பிஸ் என்ற சிறு பல்லிப் பேரினம். கண்மணி செங்குத்துக் கீற்றாகவும் விரலடியில் அகலப் பட்டைகளும் இருந்தால் ஹெமிடாக்டைலஸ், அதாவது நம் வீட்டுச் சுவர்ப் பல்லியின் பேரினம். நெமாஸ்பிஸ் என்றால் ஆசைப்பட இடமுண்டு. குன்றுக்குக் குன்று தனித்துப் பிரிந்தவை அவை. ஏற்காட்டின் யெர்காடென்சிஸ், வேலூரின் ஓட்டாய் என்ற நெமாஸ்பிஸ் இனங்கள் இரண்டும் 2000இல்தான் விவரிக்கப்பட்டன.

நிறத்தை நம்பாதீர்கள், வயது, பால், மனநிலை எல்லாவற்றுக்கும் அது மாறும். இனத்தைப் பிரிப்பது எண்ணிக்கைகள்: ஆணின் தொடையிலும் மலவாய்க்கு முன்னும் உள்ள துளைகள், வயிற்றுக் குறுக்கே செதில் வரிசைகள், நான்காம் கால்விரலின் அடிப்பட்டைகள். ஒரே ஒரு பெண் அல்லது குஞ்சு கிடைத்தால் துளைக் கணக்கே இராது. அறுந்து வளர்ந்த வாலின் செதிலமைப்பும் மாறிவிடும், அதை அளக்கக் கூடாது.

மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி கட்டாயம். வரிசை முக்கியம்: உயிரோடு படம், பிறகு ஈரல் அல்லது வால்நுனித் துண்டு தூய எத்தனாலில், அதன்பின்தான் உடல் ஃபார்மலினில், கடைசியில் 70 சதவீத எத்தனாலில். ஃபார்மலினை முந்தவிட்டால் டி.என்.ஏ. சிதைந்துபோகும், ஏறக்குறைய 1,000 எழுத்துள்ள என்டி2 மரபணுவைப் படிப்பது பெரும்பாடு. படித்ததைப் பக்கத்துக் குன்றுகளின் இனங்களோடும், அருங்காட்சியகத்தில் உள்ள மூல மாதிரிகளோடும் (ஓர் இனத்தின் பெயருக்கு ஆதாரமாகக் குறிக்கப்பட்ட உடல்கள்) ஒப்பிட வேண்டும். பல திட்டங்கள் இங்கேதான் நின்றுபோகின்றன.

பெயர்தான் இருப்பதிலேயே எளிது. ஊர்ப்பெயரோடு 'என்சிஸ்', ஆணுக்கு 'இ', பெண்ணுக்கு 'ஏ' விகுதி. ஓவியர் வான்கோவின் நினைவாக 2024இல் ஒரு தமிழகப் பல்லிக்கு வான்கோகி என்று வைத்தார்கள். சொந்தப் பெயரை வைப்பதைப் பன்னாட்டு விலங்குப் பெயரிடல் விதி தடுக்கவில்லை, ஆனால் ஊர் சிரிக்கும். விவரிப்போடு ஒரு மூல மாதிரியையும் குறிப்பிட்டு வெளியிட்டால்தான் பெயர் நிற்கும். மின்னிதழில் மட்டும் வெளியானால் 2012 முதல் ஸூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் வேண்டும்.

இப்போதைக்கு முதுகு, தலைப் பக்கவாட்டு, முடிந்தால் வயிறு எனத் தெளிவான படங்கள், உயரம், பாறை வகை, நேரம் குறித்து ஊர்வன ஆய்வாளரிடம் கொடுங்கள். இடத்தைப் பொதுவில் போடாதீர்கள். கையால் பிடிக்கவும் வேண்டாம், வாலைத்தான் விட்டுப் போகும்.