கொடி எந்தப் பக்கம் பறக்கும்?

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உங்கள் ஓவியங்களை வலை பின்னும் கொட்டகையில் கயிறு கட்டித் தொங்கவிட்டு ஊராருக்குக் காட்டியதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதைப் படித்த பிறகுதான் உங்களுக்கு எழுதலாம் என்று தைரியம் வந்தது.

எனக்கு ஊர் தொண்டிப் பக்கம். கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியில் படித்து முடித்து நான்கு வருடம் ஆகிறது. இப்போது ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியர். என் பீரியடில் பாதியைக் கணக்கு சார் வாங்கிக்கொள்வார். மீதியில் ஆண்டு விழா பேனர், நோட்டீஸ் போர்டு, யாராவது பெரியவர் வந்தால் வாசலில் ரங்கோலி. வீட்டுக்கு வந்தால் பிரஷைத் தொடவே மனம் வருவதில்லை. கடைசியாக ஒரு கேன்வாஸை முடித்து ஏழு மாதம் ஆகிவிட்டது.

அப்பா விசைப்படகில் டிரைவர். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகுக்குப் பதிவு நம்பர் எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். போன வருடம் மூன்று படகுக்கு எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போது கூடப் படித்த நண்பன் போன் செய்தான். சென்னையில் குழுக் கண்காட்சியாம். ஏணி மேல் நிற்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நீங்களும் பள்ளியில் வேலை பார்க்கிறீர்கள், படகுக்கும் எழுதியிருக்கிறீர்கள். எப்போதுதான் வரைகிறீர்கள்? இங்கே இருந்துகொண்டே ஓவியனாக இருக்க முடியுமா, இல்லை சென்னைக்குப் போய்விடுவதுதான் நல்லதா? பெயரைப் போட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகர்

* * *

அன்புள்ள தம்பி,

பஸ்ஸில் இருக்கிறேன் என்று சொன்ன இடத்தில் சிரித்துவிட்டேன். நான் ஒருமுறை திருப்புல்லாணி கோயிலில் சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். மத்தியானம் ஒரு மணிக்கு. நடை சாத்தியிருக்கும் நேரம் அது என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

முதலில் எப்போது வரைகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் தொடங்கி ஏழரை வரை. அவ்வளவுதான். மண்டபம் பக்கம் இரண்டு கடலும் நடை தூரம். வடக்கே இருப்பதைப் பெண்கடல் என்பார்கள், தெற்கே ஆண்கடல். பெண்கடலில் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் சாம்பலும் பச்சையும் கலந்து, கழுவிய சிலேட்டு மாதிரி கிடக்கும். அரை மணி நேரத்தில் அதில் ஒரு மஞ்சள் ஏறும். எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அதற்கு மேல் நம் கரையில் நிறம் என்று ஒன்று கிடையாது. மணல் வெள்ளை, வானம் வெள்ளை, பனைமரம் மட்டும் கறுப்பு. பள்ளிக்கூடம் இல்லாத நாளிலும் பத்து மணிக்கு நான் வரையப் போவதில்லை. ஆகவே பள்ளி என் நேரத்தைத் தின்றுவிட்டது என்று சொன்னால் பொய். (அறைக்குள் டியூப் லைட் போட்டுக்கொண்டு வரைகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.)

ஆனால் நடுவில் இரண்டு வருடம் நானும் ஒன்றும் வரையவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் பள்ளியைத்தான் காரணம் சொன்னேன். உண்மைக் காரணம் வேறு. ஒரு பெருநகரக் காட்சிக்கூடத்துக்கு ஒன்பது படம் அனுப்பினேன். ஒன்றும் விற்கவில்லை. அது பரவாயில்லை. திருப்பி அனுப்பியபோது அக்ரிலிக் படங்களின் மேல் நேரடியாக பபுள் ராப்பைச் சுற்றி, மே மாத வெயிலில் லாரியில் ஏற்றிவிட்டார்கள். அக்ரிலிக் காய்ந்தாலும் சூட்டில் இளகும். பிரித்துப் பார்த்தால் என் கடல் முழுக்க வட்ட வட்டமாக அம்மைத் தழும்பு. அந்தக் கோபத்தில் இரண்டு வருடம் போயிற்று. உங்கள் ஏழு மாதத்துக்கும் கணக்கு சார் மட்டும்தான் காரணமா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். நான் உறுதியாகச் சொல்லவில்லை. யோசியுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

அப்புறம் படகு. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

2012-இல் நான் பகுதிநேர ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தேன். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அப்போது மே மாதம் சம்பளம் கிடையாது. நல்ல வேளையாக அந்த மே மாதத்தில்தான் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. ஏப்ரல் 15-இல் தடை தொடங்கும். முன்பு 45 நாள், 2017-இல் அதை 61 நாள் ஆக்கினார்கள். அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றி, அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, பலகை மாற்றி, பெயின்ட் அடிப்பார்கள். கடைசியில் நம்பர் எழுத ஆள் தேடுவார்கள். வீட்டில் அரிசி இருந்ததற்கு அந்த நம்பர்கள்தான் காரணம்.

முதல் படகில் நான் எழுதியது கேவலமாக இருந்தது. கல்லூரியில் படித்தவன் என்ற நினைப்பில் நூல் பிடித்து, அளவெடுத்து, ஏணியில் நின்று ‘ஐஎன்டி டிஎன் 10 எம்எம்’ என்று தொடங்கும் பதிவு நம்பரை ஒரே அளவாக எழுதினேன். கீழே இறங்கிப் பத்தடி தள்ளிப் பார்த்தால் எழுத்துகள் அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, நோக்கிப் போகப் போக ஒடுங்கி, மேல்பக்கம் சாய்ந்து, குடித்துவிட்டு நடப்பது போல இருந்தன. படகின் அணியம் மேலே விரிந்து, முன்னால் வளைந்து போகிறது. அந்த வளைவில் எழுத்து நேராகத் தெரிய வேண்டுமென்றால் அதைக் கோணலாகத்தான் எழுத வேண்டும். கடைசி இரண்டு எண்ணை மற்றவற்றைவிட அகலமாக இழுக்க வேண்டும். எவ்வளவு அகலம் என்பதற்கு அளவு கிடையாது. படகுக்குப் படகு மாறும். ஓர் எழுத்து எழுதுவது, இறங்குவது, மணலில் பின்னால் நடந்துபோய்ப் பார்ப்பது, திரும்ப ஏறுவது. இடது கையில் ஒரு கோலைப் பலகையில் ஊன்றி, அதன் மேல் வலது மணிக்கட்டை வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கி ஒரே இழுப்பு. எனாமல் சீக்கிரம் இறுகிவிடும், தயங்கினால் கோடு பிசிறு தட்டும்.

என் படங்களில் கோடு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த ஏணிதான் ஞாபகம் வரும். கல்லூரி ஞாபகம் வருவதில்லை, சொல்லக் கூடாதுதான்.

சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, அங்கே சேர்ந்த ஓவியர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் நிலத்துக்கும் சாப்பாட்டுக்கும் வழி பார்த்தார்கள். இன்று அவர்கள் படங்கள் அருங்காட்சியகத்தில் தொங்குகின்றன. துணிக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தபோது அவர்களில் யாராவது பஸ்ஸில் இருக்கிறேன் என்று சொல்லியிருப்பார்களோ என்னவோ.

அவ்வளவு தூரம் போவானேன், நம் ராமநாதபுரம் அரண்மனைக்கே வாருங்கள். ராமலிங்க விலாசத்துச் சுவர்களில் 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் எழுதிய ஓவியங்கள் இருக்கின்றன. ராஜராஜேஸ்வரி அம்மனிடம் சேதுபதி செங்கோல் வாங்குகிறார், தஞ்சாவூர் மராட்டியரோடு சண்டை நடக்கிறது, ஐரோப்பியர்கள் தொப்பி போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள். எல்லாம் ராஜா சொல்லி எழுதிய வேலை. கூலிக்கு எழுதினார்கள், எழுதிய இடத்தில் மனதையும் வைத்தார்கள். வருடம் ஒருமுறை பிள்ளைகளை அங்கே கூட்டிப்போவேன். போன தடவை ஒரு பையன், ‘சார், இதுல எல்லாரும் சைடுலதான் பாக்குறாங்க, நம்மள ஒருத்தரும் பாக்கல’ என்றான். ஒரு பீரியட் முழுக்க நான் பாடம் நடத்தியிருந்தாலும் அது அவனுக்குப் புரிந்திருக்காது.

வகுப்பைப் பற்றியும் சொல்கிறேன். பிள்ளைகளிடம் இயற்கைக் காட்சி வரையச் சொன்னால் என்ன வரைவார்கள் என்று உங்களுக்கே தெரியும். இரண்டு மலை, நடுவில் சூரியன், அதிலிருந்து ஓர் ஆறு, பக்கத்தில் குடிசை. நம் கடற்கரையில் நின்று சுற்றிப் பார்த்தால் மலை எங்கே இருக்கிறது? வைகை கூட இங்கே வந்து சேரும் வருடங்களை எண்ணிவிடலாம். அதை வரையாதே என்று நான் சொல்வதில்லை. சொன்னால் பயந்துவிடுவார்கள். ‘உங்க வீட்டு வாசல்ல நின்னா முதல்ல என்ன தெரியும்?’ என்று மட்டும் கேட்பேன். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கரையேற்றிய படகின் அடிப்பக்கத்தை வரைந்தான். பக்கவாட்டுத் தோற்றம் இல்லை, தண்ணீரும் இல்லை. கீழே உட்கார்ந்து மேலே பார்த்தால் தெரியுமே, அந்த வயிறு. புரொப்பல்லரில் ஓர் இதழ் மட்டும் நுனி மடங்கியிருந்தது. ஏன் என்று கேட்டேன். ‘கல்லுல அடிச்சிருச்சு சார், அப்பாவுக்கு அதான் செலவு’ என்றான். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பத்து வருடமாகப் படகு வரைகிறேன், எல்லாம் நிற்கும் படகு, போகும் படகு. அடியில் உட்கார்ந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. போன வருடம் நான் வரைந்த நான்கு பெரிய படங்களும் படகின் அடிப்பக்கம்தான். அவனுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கணக்கு சாருக்குப் பீரியடைக் கொடுக்காதீர்கள். சண்டை போட வேண்டாம், சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள்.

சென்னைக்குப் போகலாமா என்றால், போங்கள், படத்தோடு போய்விட்டு வாருங்கள். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாதெமியில் என்ன மாட்டியிருக்கிறார்கள் என்று வருடத்துக்கு இரண்டு தடவையாவது பார்க்க வேண்டும். நம் கண் ஊரிலேயே கிடந்தால் சோம்பிவிடும். கேன்வாஸைக் கழற்றி, பெயின்ட் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, நடுவில் பட்டர் பேப்பர் வைத்து, போர்வெல்லுக்குப் போடும் பிவிசி பைப்பில் செருகிக்கொண்டு சேது எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் பெயின்ட் நசுங்கி வெடிக்கும். காட்சிக்கூடங்கள் விற்ற விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை எடுத்துக்கொள்ளும். அதைத் தெரிந்துகொண்டே விலை வையுங்கள். ஊரில் ஒரு விலை, அங்கே ஒரு விலை என்று மட்டும் வேண்டாம். உப்புக்காற்றில் இரும்பு ஆணி ஒரே வருடத்தில் துருப்பிடித்துக் கேன்வாஸை அரித்துவிடும், பித்தளை ஆணியாக அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் காகிதப் படங்களைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் பின்னால் பூஞ்சை பிடிக்கும். பிரேமின் நாலு மூலையிலும் கார்க் துண்டு ஒட்டினால் காற்று ஓடும்.

இனி அந்தக் கொட்டகைக் கதை. நான் எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன், கௌரவம் பார்த்து.

அங்கே தொங்கவிட்டதில் ஒரு படம் ஏற்கெனவே சென்னையில் மாட்டியது. கச்சான் காற்றில் நங்கூரம் போட்டு நிற்கும் ஒரு வத்தைப் படகு, அதில் சிவப்புக் கொடி. அங்கே அந்தக் கொடியைப் பலரும் பாராட்டினார்கள். படத்துக்கே ஒரு வேகம் வந்துவிட்டது என்றார்கள். கொட்டகையில் எழுபது வயதுக்காரர் ஒருவர், வலை ஊசியைக் காதில் செருகிக்கொண்டு, அதன் முன்னால் இரண்டு நிமிடம் நின்றார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

‘ஏப்பா, நங்கூரம் போட்ட படகு காத்தப் பாத்துத்தான நிக்கும்? ஒங் கொடி அணியத்துப் பக்கமால்ல பறக்குது?’

நான் தப்பிக்கப் பார்த்தேன். நீரோட்டம் எதிரே இழுத்தால் படகு திரும்பி நிற்காதா என்று கேட்டேன்.

‘நிக்கும். அப்படி இழுத்தா நங்கூரக் கயிறு விண்ணுன்னுல்ல இருக்கும். இங்க தொய்ஞ்சு கெடக்கே.’

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் கயிற்றைப் பார்த்தார்கள். நானும் அப்போதுதான் முதல்முறையாக அந்தக் கயிற்றைப் பார்த்தேன். கொடியை மாற்றினால் படத்தின் அமைப்பே கெட்டுவிடும், சிவப்பு அந்தப் பக்கம்தான் வேண்டும். இரண்டு நாள் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் கயிற்றை மட்டும் நேராக இழுத்துவிட்டேன், தண்ணீரில் நீரோட்டத்தின் கோடுகள் நான்கு சேர்த்தேன். படம் முன்பைவிட நன்றாக வந்துவிட்டது. அவரைக் கூட்டிவந்து காட்டினேன். ‘ம்’ என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஏப்ரலில் எங்கள் பக்கம் ஐந்து படகு சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இப்போது முழங்கால் ஏணிக்கு ஒத்துவருவதில்லை. நீங்கள் வந்தால் மேலே நீங்கள் எழுதுங்கள், கீழே மணலில் நின்று நான் பார்த்துச் சொல்கிறேன். கூலி உங்களுக்கு. நண்பன் போன் செய்தால் என்ன சொல்வது என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்